தோன்றா எழுவாய்

தம்பியின் புத்தகம் என் மேசைக்கு வந்து மாதங்கள் பல ஆகியும், முதல் கட்டுரையைத் தாண்டி நான் அதைப் படிக்கவில்லை. அந்த ஒரு கட்டுரையிலேயே வல்லினம் மிகக் கூடாத இடங்களில் மிகுந்திருந்தது. மிக வேண்டிய இடங்களில் காணாமற்போயிருந்தது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவளுக்கு அப்படியொரு பக்கம், வாயில் மணல் கடிபடுவதற்குச் சமம். அச்சுக் கோப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஒற்றம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். விடுபட்ட ஒற்றெழுத்தை நான் ஒருபோதும் மன்னித்ததில்லை என்பதே அதற்குக் காரணம்.

தம்பி மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன். ஓய்வு பெற்றபின், தான் ஏறி இறங்கிய கட்டடங்களைப் பற்றியும் எங்கள் சிறுவயது வீட்டைப் பற்றியும் ஒரு மாத இதழில் எழுதத் தொடங்கினான். சிறிய பதிப்பகம் ஒன்று அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. யாரும் எதிர்பாராத வகையில் பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. இரண்டாம் பதிப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையில்தான் தம்பி மகள் வெளியூரிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவள் கணக்குத் தணிக்கை செய்பவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அத்தை, அப்பா புத்தகத்தைப் படிச்சீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்தீங்களா, படிச்சீங்களா?"

"திருத்தாம அதைப் படிக்க முடியாது. திருத்த ஆரம்பிச்சா படிக்கவே முடியாது."

அவள் சிரிக்கவில்லை. "அப்பாவை என்னோட கூட்டிட்டுப் போகப் போறேன். வீட்டைப் பூட்டிடலாம்னு இருக்கேன்."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"எங்க ஒத்துக்கறார்! டாக்டர் மறதி ஆரம்பம்னு சொல்லிட்டார். போன வாரம் அடுப்பைப் பத்தவச்சிட்டுக் கீழ லிஃப்ட் பார்க்கப் போயிட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைக்காத குறை."

"அது யாருக்கும் நடக்கறதுதான்."

"சரி, அதை விடுங்க. இது யாருக்கும் நடக்குமா? சின்ன வயசுல உங்களுக்கு ராத்திரியெல்லாம் இருமல்னு மூணு கட்டுரையில எழுதியிருக்கார். ஜன்னலோரமா படுத்த படுக்கையா கிடந்தீங்களாம். அப்படி ஏதாவது இருந்துச்சா?"

"எனக்கா? ஜலதோஷம்கூட எட்டிப் பார்த்ததில்ல."

"அதான் அத்தை. இதை நீங்க அவர்கிட்ட நேரா சொல்லணும். நான் சொன்னா, 'நீ அப்ப பொறந்திருந்தியா'ன்னு மடக்கறார். கடைசியா ஒண்ணு சொன்னார். 'எங்க அக்கா படிச்சுட்டுத் தப்புன்னு சொல்லட்டும், அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டறேன்'னார். உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்தாப் போதும்."

தகப்பனை அவனுடைய வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்க அவளுக்கும் மனமில்லை. அவனைத் தனியே விடுவதற்குத் துணிவும் இல்லை. நான் படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அவளை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். மின்தூக்கிகளைப் பற்றிய கட்டுரைகளில் ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தாலும், சொல்ல வந்ததை அவன் தெளிவாகவே சொல்லியிருந்தான். ஒரு மருத்துவமனையின் பழைய மின்தூக்கி, யாரும் பொத்தானை அழுத்தாதபோதும் ஒரு குறிப்பிட்ட தளத்தில் நின்று கதவைத் திறக்குமாம். பழுது எதுவும் அகப்படவில்லை. அந்தத் தளத்தில் கதவு திறக்கும்போதெல்லாம், யாரும் இல்லையென்று தெரிந்தும், ஓர் ஆள் ஏறுவதற்கான அவகாசத்தைக் கொடுத்த பிறகே தம்பி அதை மூடுவானாம். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பத்தியை இரண்டாம் முறை படித்தேன்.

பிறகு அந்த மூன்று கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்று இப்படித் தொடங்கியது: 'அக்காவும் நானும் ஒரே அறையில் படுப்போம். ஜன்னலோரமாகப் படுத்திருக்கும். இருமும். இருமல் நின்றால்தான் எனக்குப் பயம், எழுந்து பார்ப்பேன். ஒரு நாள் கையை நீட்டினேன். விரலைப் பிடித்துக்கொண்டது. விடியும்வரை விடவில்லை.'

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. படுத்திருக்கும், இருமும், பிடித்துக்கொண்டது! உடன்பிறந்த அக்காவை அஃறிணையாக்கிவிட்டானே என்று ஓரத்தில் அழுத்தமாகக் கோடிட்டேன். பேச்சில் எல்லோரும் 'அக்கா வந்துச்சு' என்கிறோம். அவனும் அப்படித்தான் பேசுவான். பேச்சுக்குக் கொடுக்கும் இடத்தை அச்சுக்குக் கொடுக்க முடியாது. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று பெண்பாலுக்கும் வரும் என்று இலக்கணம் இடம் தருகிறது. ஆகவே 'இருமும்' என்பதை மன்னிக்கலாம். 'பிடித்துக்கொண்டது' என்பதை எந்த இலக்கணமும் மன்னிக்காது.

கோபம் தணிவதற்கு முன்பே வேறோர் உணர்ச்சியும் எழுந்தது. என் பிடியில் விரலைக் கொடுத்து ஒருவன் இரவெல்லாம் கிடந்ததாக யாரும் இதுவரை எழுதியதில்லை. நான் பற்றிக்கொள்ளத் தக்கவள் என்று யாரும் நினைத்ததாகவும் எனக்குத் தெரியாது. அது நடக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அந்தப் பக்கத்தைப் புரட்டக் கை எழவில்லை.

பிழைகளை வகைப்படுத்துவது மெய்ப்பாளரின் வழக்கம். புத்தகம் முழுவதையும் மீண்டும் புரட்டினேன். பிற கட்டுரைகளில் நான் வரும் இடமெல்லாம் வினை ஒழுங்காக இருந்தது. 'அக்கா அதட்டினாள்', 'அக்கா காதைத் திருகினாள்', 'அக்கா என் எழுத்தைக் கிழித்துப் போட்டாள்.' அங்கெல்லாம் எழுவாயும் உண்டு, பயனிலையும் உண்டு, இரண்டும் பொருந்தியும் இருந்தன. மூன்று கட்டுரைகளில் மட்டும், அந்த அறைக்குள் நுழைந்தவுடன், முதல் வாக்கியத்தோடு 'அக்கா' என்ற சொல் மறைந்துவிடுகிறது. அதன் பிறகு வருவனவெல்லாம் எழுவாய் இல்லாத வாக்கியங்கள். தோன்றா எழுவாய் என்போமே, அந்த வகை. வினைமுற்றைக் கொண்டு எழுவாயை உய்த்துணர வேண்டும். உய்த்துணர்ந்தால் கிடைப்பது 'அவள்' அன்று, 'அது'.

கலங்கிய புத்தி செய்யும் பிழை கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கும். இது ஓர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அன்று பிற்பகல் தம்பியின் வீட்டுக்குப் போனேன். கட்டடத்தின் உச்சித் தளத்தில் அவன் வீடு. அங்குள்ள மின்தூக்கியை ஓய்வுக்குப் பின்னும் அவனே பார்த்துக்கொள்கிறான். குடியிருப்பவர்கள் அவனை 'லிஃப்ட் அய்யா' என்றே அழைக்கிறார்கள். நான் ஏறிச் செல்லும்போது நடுவில் ஒரு தளத்தில் அது நின்றது. கதவு திறந்தது. வெளியே நீண்ட நடைகூடத்தில் யாரும் இல்லை. மூடும் பொத்தானை நோக்கிப் போன விரலை நானே இழுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த தம்பி என் கைப்பையைத்தான் முதலில் பார்த்தான். "பென்சில் கொண்டாந்திருக்கியா, பேனாவா?"

"பென்சில்."

"அப்ப பொழச்சேன். பேனான்னா அழிக்க முடியாது."

தம்பி மகள் சமையலறையிலிருந்து வந்து சுவரோரமாக நின்றாள். நான் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"நான் என்னிக்குடா இருமினேன்?"

"ராத்திரி இருமுவியே அக்கா. ஜன்னலோரமா."

"நான் ஜன்னலோரம் படுத்ததே இல்ல. சுவர்ப் பக்கம் நான், நடுவில நீ. ஜன்னலோரம் யாருமே படுக்க மாட்டோம். அம்மா விட மாட்டாங்க, காத்து ஆகாதுன்னு."

அவன் முகம் சிறுத்துப்போயிற்று. மகளை ஒருமுறை பார்த்தான். "நீ இருமலையா?"

"இல்ல."

"அப்ப யாரு அக்கா?"

அவன் நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "எனக்குக் கழண்டு போச்சோன்னு நானும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். இவளுக்கு முன்னால காட்டிக்க மாட்டேன். அடுப்பை மறந்தேன், சரி. ஆனா இது மறந்ததில்லையே. இது ஞாபகம் இருக்கறது. இல்லாதது ஒண்ணு எப்படி ஞாபகம் இருக்கும்? அந்த விரல்கூட நல்லா ஞாபகம் இருக்கு. இத்துனூண்டு." அவன் தன் சுண்டு விரலின் நகக்கணுவைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினான். "கதகதன்னு இருக்கும். பிடிச்சா விடாது."

நான் அவனைவிட ஐந்து வயது மூத்தவள். அவன் கையில் இத்துனூண்டாக இருக்கும் விரல் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சொல்லுங்க அத்தை" என்றாள் தம்பி மகள். "அப்பாவே கேக்கறார் பாருங்க."

"இன்னும் படிச்சு முடிக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பொய் சொன்னேன் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். எதையும் முடிக்காமல் நான் எழுந்து போனதை அவர்கள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து கட்டிலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். தனியாக வாழும் எனக்கு இருவர் படுக்கக் கூடிய கட்டில். அதன் சுவர்ப் பக்கத்து விரிப்பு மட்டும் நைந்து நிறம் மாறியிருந்தது; ஜன்னல் பக்கம் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இருந்தது. அம்மா விதித்த தடையை, அம்மா போய் இத்தனை ஆண்டுகளாகியும் என் உடம்பு கடைப்பிடித்து வந்திருக்கிறது. அந்தப் பழைய அறையில் விளக்கை அணைக்க வரும்போது அம்மா எங்கள் போர்வையைச் சரிசெய்வாள். பிறகு சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் போய்க் குனிந்து, வெறுந்தரையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போவாள். தூசி பார்க்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். எங்கள் அம்மா சுத்தத்துக்குப் பெயர்போனவள்.

தூசி பார்ப்பவள் கையை முகர்ந்து பார்ப்பாளா என்பது இப்போதுதான் தோன்றிற்று.

எங்கள் வீட்டில் நான் இல்லாத ஒரு காலம் உண்டு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு படிப்பாண்டு முழுவதும் என்னைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். சித்தி இன்னும் இருக்கிறாள். மகன் வீட்டில், தெருவைப் பார்த்த அறையில். காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. நேராகக் கேட்டால் அவளிடமிருந்து எதுவும் வராது. எதிர்க் கேள்விதான் வரும். எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

"வாடி பெரியவளே" என்றாள் சித்தி. "இன்னிக்கு யார் எழுத்துல தப்புக் கண்டுபிடிச்ச?"

"தம்பி எழுத்துலதான்."

"அவனாவது எழுதறான். நீ அடிக்க மட்டும்தான் செய்யற." தெருவில் போன ஒருவரின் நடையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மருமகள் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். சித்தி குவளையை உதட்டருகே கொண்டுபோகும் தருணத்தில், தம்பி எழுதிய விதமாகவே, எழுவாயை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"சித்தி, எப்பப் போச்சு?"

"நீ இங்கேருந்து கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி" என்றாள் சித்தி.

'எது' என்று அவள் கேட்கவில்லை. குவளை உதட்டருகே நின்றுவிட்டது. மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யாருடி சொன்னது உனக்கு?"

"தம்பி எழுதியிருக்கான்."

"அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அப்ப டவுசரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்ச பய."

"அவனுக்கே தெரியல. ஆனா எழுதியிருக்கான்."

சித்தி தெருவை விட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பேசும்போது அவள் குரலில் கிண்டல் இல்லை. "ஒழுங்கா மூச்சு விடத் தெரியாமலே பொறந்துச்சு. படுக்க வச்சா இருமும். காத்து வேணும்னு ஜன்னலோரம் போட்டாங்க. அன்னிக்குப் போயிடும், இன்னிக்குப் போயிடும்னு மாசக்கணக்கா இருந்துச்சு. தேறட்டும், அப்புறம் பேர் வைக்கலாம்னு உங்கப்பா தள்ளிக்கிட்டே போனார். பேர் வச்சுட்டா கூப்பிடத் தோணும்னு பயந்துட்டார் மனுஷன்."

"பொண்ணா?"

"பொண்ணுதான். உன் மூக்கு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேள்வி கேப்ப. உனக்குப் பதில் சொல்லி மாளாதுன்னு உங்கப்பா சொல்லிட்டார். நீ வந்து சேர்றதுக்குள்ள துணி, தூளி எல்லாத்தையும் அப்புறப்படுத்திட்டாங்க."

"தம்பி?"

"அதைத்தான் உங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவா. அவன் வீடு பூரா தேடியிருக்கான். கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னால, எங்க போச்சு, எங்க போச்சுன்னு. சோறு இறங்கல அவனுக்கு. அப்புறம் நீ வந்து இறங்கின. வாசல்லயே உன்னைக் காட்டி, 'இதோ வந்துடுச்சு பாரு'ன்னு சொல்லியிருக்கா. வேற என்ன பண்ணுவா அவ? அவனும் அதோட தேடறதை விட்டுட்டான்."

அந்த வாசல் எனக்கு நினைவிருக்கிறது. பெட்டியோடு இறங்கிய என்னை அம்மா தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள். தம்பி என்னை உற்றுப் பார்த்தான். என் கையை எடுத்து, விரல்களை விரித்து, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதான். ஓராண்டுப் பிரிவில் கூச்சம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முதல் அவன் இரவில் என் பக்கம் திரும்பித்தான் படுப்பான். தூக்கத்தில் என் விரலைத் தேடுவான். கனமாக இருக்கிறது, கையை எடுடா என்று தட்டிவிடுவேன். தேடியது என்னையென்றே நினைத்துத் தட்டிவிட்டேன்.

மறுநாள் தம்பி வீட்டில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சித்தி சொன்ன வரிசையிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னேன். தம்பி மகள் பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முடித்தபின் அவன் மகளிடம்தான் முதலில் பேசினான்.

"அப்ப என் மண்டை சரியாத்தாம்மா இருக்கு."

"இருக்குப்பா."

"அடுப்பை மறந்தது மறதிதான்" என்றேன். "அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். சமைக்க ஓர் ஆளை வைங்க. வீட்டைப் பூட்ட வேண்டாம்."

தம்பி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். "பூட்டல அத்தை. ஆளை நானே பார்த்து வச்சுட்டுத்தான் ஊருக்குப் போவேன்." அவள் எழுந்து போய்த் தகப்பனின் தோளில் கைவைத்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தான். ஆனால் அவன் பார்வை என்மீதுதான் இருந்தது. அதில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை.

"அப்ப நான் உன்னை நினைச்சு எழுதினதெல்லாம்..." என்றான்.

"அதை நான் கேக்கல" என்றேன். "புத்தகம் அச்சுக்குப் போகணும். தப்பைத் திருத்தணும்."

"எது தப்பு? வினையா?"

"வினையெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ எழுதினதுல தப்பான வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான்." பென்சிலை எடுத்து, மூன்று கட்டுரைகளில் முதற்கட்டுரையின் முதல் வரியில் 'அக்காவும் நானும்' என்பதை அடித்தேன். எத்தனையோ பேருடைய சொற்களை அடித்த கை அது. என்னையே அடிக்க நேர்ந்தது அதுவே முதல் முறை.

அவன் குனிந்து பார்த்தான். "அந்த இடத்துல என்ன போடறது? தங்கைன்னு போடலாமா?"

"போடலாம். போட்டா வினை மாறணும். படுத்திருப்பாள், இருமுவாள், விரலைப் பிடித்துக்கொண்டாள்."

அவன் அந்தச் சொற்களை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "பிடித்துக்கொண்டாள்... இது யாரோ அக்கா. அது அவ்வளவு பெருசா வளரவே இல்லையே."

"அப்ப இருக்கறது இருக்கட்டும்."

"எழுவாய் வேணும்னு நீ அடிச்சு அடிச்சு எனக்குச் சொல்லித் தந்திருக்கியே."

"இதுக்கு வேண்டாம்."

வரியின் தொடக்கம் வெறுமையாக நின்றது. ஏதேனும் ஒன்றால் அதை நிரப்ப வேண்டும். 'நாங்கள்' என்று எழுதத் தொடங்கினேன். அவன் என் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினான்.

"நாம்னு போடேன் அக்கா. நாம் ஒரே அறையில் படுப்போம். நீயும் சேர்ந்த மாதிரி இருக்கும்."

கிழவனின் கண்ணில் ஒரு சிறுவன் கெஞ்சினான். தம்பி மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. படிப்பவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை.

"கூடாது" என்றேன். "நான் அங்க இல்ல."

அச்சுக் கோப்பவர் தவறிப்போய்க்கூட வேறாகப் படித்துவிடாதபடி, எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து 'நாங்கள்' என்று எழுதினேன். தம்பி என் இடக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். இந்த முறை நான் தட்டிவிடவில்லை. இன்னும் இரண்டு கட்டுரைகள் இருந்தன. வலக்கையால் பக்கத்தைப் புரட்டினேன்.